பாட்டு ஒலிக்கட்டும், வழியை மறிக்க வேண்டாம்

விளையாட்டு மைதானத்தில் தேசிய கீதம் ஒலிக்கும்போது பார்வையாளரிடம் எவ்வளவு கேட்கலாம்? எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்ளலாம், அதில் யாருக்கும் சண்டை இல்லை. நிற்காதவரை எழுப்பி விடலாமா? நடுவில் வெளியே போகிறவரை மறிக்கலாமா?

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் விளையாட்டு விழாவுக்கு விதிமுறை எழுதும்போது இந்தக் கேள்வி வந்தது. தமிழ்த்தாய் வாழ்த்து, அமெரிக்க தேசிய கீதம், சில ஆண்டுகளில் ஜன கண மன என்று மூன்றும் ஒலிக்கும் விழா அது. "பாடல் முடியும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது, தன்னார்வலர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றனர் சிலர். அது அதிகம் என்றனர் வேறு சிலர். பாடலே எதற்கு, நேராக ஆட்டத்தைத் தொடங்கலாமே என்றவர்களும் உண்டு. இந்த நாட்டில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மைதானங்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. ஒவ்வொரு வழியையும் யாரோ ஒருவர் செய்து பார்த்துவிட்டார். என்ன செய்தார்கள், என்ன ஆனது என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்தச் சடங்கு யாரும் சட்டம் போட்டு வந்ததில்லை. 1918 செப்டம்பர் 5, சிகாகோ. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம், சிகாகோ கப்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் மோதின. ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளியில், எல்லோரும் எழுந்து கைகாலை நீட்டும் நேரத்தில், பேண்டு குழு 'ஸ்டார் ஸ்பாங்கில்டு பேனர்' வாசித்தது. ரெட் சாக்ஸ் வீரர் ஃபிரெட் தாமஸ் கடற்படையிலிருந்து விடுப்பில் வந்து ஆடிக்கொண்டிருந்தார். அவர் கொடியை நோக்கி சல்யூட் வைத்தார். மற்ற வீரர்களும் மரியாதையாக நின்றார்கள், கூட்டம் மெல்ல மெல்லப் பாட ஆரம்பித்தது. அப்போது அந்தப் பாட்டு தேசிய கீதமே இல்லை. 1931-இல்தான் சட்டப்படி ஆனது. அந்த நாளில் அத்தனை பேர் எழுந்து பாடியதற்கு அறிவிப்பு, விதி, காவல் எதுவும் காரணமில்லை. போர்க்கால மனநிலையில் மக்கள் தாமாகச் செய்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழக்கமாகி, போர் முடிந்த பிறகும் நிலைத்துவிட்டது.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

நகரக் கூடாது என்பது

கடுமையான வழியிலிருந்து தொடங்குகிறேன். விழாக் குழுவில் சிலர் கேட்டதும் இதைத்தான். இதற்கு நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் மைதானமான யாங்கி ஸ்டேடியத்தைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பேஸ்பால் லீக் முழுவதும் ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளியில் 'காட் பிளெஸ் அமெரிக்கா' பாடப்பட்டது. ரஷ்யப் பேரரசிலிருந்து குழந்தையாக வந்து குடியேறிய இர்விங் பெர்லின் எழுதிய பாட்டு. தேசிய கீதம் ஆட்டத்தின் தொடக்கத்தில் ஏற்கெனவே ஒலித்துவிடும். இது அதற்கு மேல் இன்னொன்று. அந்த ஆண்டு நியூயார்க் ரசிகர்களுக்கு இது எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். செப்டம்பர் 21 அன்று ஷே ஸ்டேடியத்தில் தாக்குதலுக்குப் பின் அந்நகரத்தில் நடந்த முதல் ஆட்டத்தில், உள்ளூர் மெட்ஸ் அணி வீரர் மைக் பியாசா எட்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னை மக்கள் இன்றும் கண்ணீரோடு சொல்வார்கள். அந்த வாரங்களில் யாருக்கும் எழுந்து நிற்கச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

பிறகு மற்ற அணிகள் பெரும்பாலும் அந்தப் பாட்டை ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறை நாட்களுக்கும் சுருக்கிக்கொண்டன. யாங்கீஸ் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்திலும் தொடர்ந்தது. கூடவே ஒரு புதிய பழக்கம் வந்தது. பாட்டு தொடங்கும் நேரத்தில் ஊழியர்களும் போலீஸ்காரர்களும் கேலரியின் படிக்கட்டு வழிகளில் வந்து நிற்பார்கள். சில இடங்களில் சங்கிலி கட்டுவார்கள். பாடல் முடிந்ததும் சங்கிலி அவிழும், கூட்டம் கழிப்பறைக்கும் பீர் கடைக்கும் போகும். ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளி இருப்பதே எழுந்து நடமாட என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்த மனிதன் எழும் அந்த ஒரே நேரத்தில்தான் வழி அடைபடும்.

2008 ஆகஸ்ட் 26. ரெட் சாக்ஸுக்கு எதிரான ஆட்டம். ஒரு ரசிகர் ஏழாவது இன்னிங்ஸில் கழிப்பறைக்குப் போக எழுந்தார். ஆட்டத்தின் தொடக்கத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றவர்தான் அவர். வழியில் நின்ற போலீஸ்காரர் தடுத்தார். இந்தப் பாட்டைப் பற்றித் தனக்குக் கவலையில்லை, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் தாண்டப் பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்து, சாய்தளம் வழியாகக் கீழே நடத்திக் கொண்டுபோய் வெளியே தள்ளிவிட்டார்கள் என்பது அவர் நீதிமன்றத்தில் சொன்னது. அவர் இருக்கைமேல் ஏறி நின்று கெட்ட வார்த்தை பேசினார், குடித்திருந்தார் என்பது போலீஸ் சொன்னது. எது உண்மை என்று விசாரணை நடந்து தீர்ப்பு வரவில்லை. நியூயார்க் சிவில் உரிமைகள் சங்கம் அவருக்காக 2009-இல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் சமரசம் ஆனது. நகராட்சி அவருக்கு 10,001 டாலரும், வழக்குச் செலவுக்கு 12,000 டாலரும் கொடுத்தது. பாட்டின்போது ரசிகர்களின் நடமாட்டத்தைத் தடுக்கும் கொள்கை எதுவும் தங்களிடம் இல்லை, இனியும் இருக்காது என்று யாங்கீஸ் தரப்பு ஒப்புக்கொண்டது.

இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது பணத்தொகை இல்லை. அந்த மனிதர் எதிர்ப்பாளர்கூட இல்லை. பதாகை பிடிக்கவில்லை, மண்டியிடவில்லை, கோஷம் போடவில்லை. கட்டாயம் என்று ஒன்றை வைத்தால் முதலில் மாட்டுகிறவர் கொள்கை மறுப்பாளர் கிடையாது, மூத்திரம் முட்டுகிறவர்தான். அடுத்து, அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும் அம்மா. அதற்கடுத்து, மாத்திரையை காரில் வைத்துவிட்டு வந்த சர்க்கரை நோயாளி. வழியில் நிற்கும் தன்னார்வலர் ஒவ்வொருவரையும் நிறுத்தி "எதற்குப் போகிறீர்கள்" என்று கேட்டாக வேண்டும். சரியான காரணமா, தவறான காரணமா என்று அந்த இருபது வயதுப் பையன் தீர்மானிக்க வேண்டும். எங்கள் விழாவில் நிற்கப்போகிறவர்கள் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள். மாமா வயதுக்காரர் ஒருவரைக் கையை நீட்டித் தடுக்கும் வேலையை அவர்களிடம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் தேசிய கீதத்துக்கு ஒரு பிரிவு உண்டு. கீதம் ஒலிக்கும்போது கொடியை நோக்கி நிற்க வேண்டும், வலது கையை நெஞ்சில் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மீறினால் தண்டனை என்று ஒரு வார்த்தை இல்லை. வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். 'காட் பிளெஸ் அமெரிக்கா'வுக்கு அந்த இடமும் கிடையாது.

அதற்கு மேலே இருப்பது 1943-இன் பார்னெட் தீர்ப்பு. கதை 1940-இல் தொடங்குகிறது. கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்த, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது சரிதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அதன்பின் நாடெங்கும் அந்தச் சமூகத்தினர்மேல் கும்பல்கள் பாய்ந்தன. மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க் ஊரில் அவர்களுடைய மன்றத்தைக் கொளுத்தினார்கள். மூன்றே ஆண்டில், நாடு போரின் நடுவில் இருக்கும்போதே, நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றி எழுதியது. நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதியதன் சாரம்: அரசியல், தேசியம், மதம் ஆகியவற்றில் எது சரியான கருத்து என்று எந்த அதிகாரியும், அவர் பெரியவரோ சிறியவரோ, விதிக்க முடியாது, அதைச் சொல்லாலோ செயலாலோ ஒப்புக்கொள்ளும்படி குடிமக்களை வற்புறுத்தவும் முடியாது. கட்டாயத்தால் வரும் ஒருமித்த கருத்து இடுகாட்டில் மட்டுமே இருக்கும் ஒற்றுமை என்றும் எழுதினார். நாட்டுப்பற்றாளர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. பிள்ளைகள் போர்முனையில் இருந்தபோது எழுதப்பட்டது என்பதால் சொல்கிறேன்.

ஒரு நுணுக்கம் உண்டு. இந்தப் பாதுகாப்பு அரசுக்கு எதிரானது. தனியார் கிளப் தன் மைதானத்தில் போடும் நிபந்தனையை அரசியல் சாசனம் நேராகத் தடுக்காது. பழைய யாங்கி ஸ்டேடியம் நகராட்சிக்குச் சொந்தமானது, தடுத்தவர்கள் சீருடையில் இருந்த நகரப் போலீஸ். அதனால்தான் வழக்குத் தொடுக்க முடிந்தது. நமது சங்கம் தனியார் அமைப்பு, ஆகவே நம்மை யாரும் கேட்க முடியாது என்று விழாக் குழுவில் ஒருவர் சொன்னார். ஓரளவு சரி. ஆனால் நாம் ஆடுவது கவுன்டி பூங்காவில், பாதுகாப்புக்குக் கூப்பிடுவது உள்ளூர் போலீஸை. அந்தப் போலீஸ்காரர் நம் சொல் கேட்டு ஒருவரைப் பாட்டுக்காகத் தடுத்தால் கதையே மாறிவிடும். அப்புறம், சட்டம் தடுக்கவில்லை என்பதாலேயே ஒன்றைச் செய்துவிடலாமா?

ஒலிக்கட்டும், விருப்பம்போல் நிற்கட்டும் என்பது

இன்று அமெரிக்காவின் பெரும்பாலான மைதானங்களில் நடப்பது இதுதான். "எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம், தொப்பியைக் கழற்றுங்கள்" என்று அறிவிப்பு வரும். பெரும்பாலோர் எழுவார்கள். சிலர் பாடுவார்கள், சிலர் ஃபோனில் படம் பிடிப்பார்கள், சிலர் தட்டில் நாச்சோஸோடு படியேறிக்கொண்டிருப்பார்கள். உட்கார்ந்திருப்பவரை ஊழியர் யாரும் கேட்பதில்லை.

இதில் குறை இல்லாமல் இல்லை. ஊழியர் சும்மா இருந்தாலும் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருப்பார் என்று சொல்ல முடியாது. பின்வரிசையிலிருந்து "எழுந்திரு" என்று குரல் வரும். தொப்பியைத் தட்டிவிடுகிறவர்கள்கூட உண்டு. ஆகவே இந்த வழியை எடுப்பவர் பாதி வேலையைத்தான் முடித்திருக்கிறார். உட்கார்ந்திருப்பவரைத் தொந்தரவு செய்கிறவரிடம் ஊழியர் போய்ப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் முழுமை. இதைப் பல இடங்களில் எழுதுவதில்லை. நிற்காதவர்தான் பிரச்சினை என்ற நினைப்பு எல்லோருக்கும் இருக்கிறது. நான் பார்த்தவரை கைகலப்பைத் தொடங்குகிறவர் ஒருபோதும் உட்கார்ந்திருப்பவர் இல்லை.

வீரர்கள் விஷயம் வேறு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1996-இல் டென்வர் நகெட்ஸ் அணியின் மஹ்மூத் அப்துல் ரவுஃப் கீதத்துக்கு நிற்க மறுத்ததால் கூடைப்பந்து லீகான என்பிஏ அவரை இடைநீக்கம் செய்தது. ஓர் ஆட்டச் சம்பளம் சுமார் 31,700 டாலர் போனது. நின்றுகொண்டு தலை குனிந்து தொழுவது என்று பிறகு உடன்பாடு வந்தது. 2016-இல் அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக் எதிர்ப்பாகக் கீதத்தின்போது மண்டியிட்டார். 2018 மே மாதம் அந்த விளையாட்டின் லீகான என்எஃப்எல், களத்தில் இருப்பவர்கள் நிற்க வேண்டும், விரும்பாதவர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருக்கலாம் என்று விதி போட்டது. வீரர் சங்கம் எதிர்த்ததும் ஜூலையில் அதை நிறுத்தி வைத்தது. அது முதலாளிக்கும் சம்பளம் வாங்குகிறவருக்கும் உள்ள வழக்கு. பார்வையாளர் யாருடைய ஊழியரும் இல்லை. அவர் காசு கொடுத்து ஆட்டம் பார்க்க வந்தவர். வீரரைக் கட்டுப்படுத்தும் வாதங்களை அப்படியே எடுத்துவந்து பார்வையாளர்மேல் போடுவது பொருந்தாது.

எப்போதாவது மட்டும் என்பது

தினமும் வேண்டாம், விசேஷ நாளில் மட்டும் போதும். எனக்கு மனதுக்குப் பிடித்தது இதுதான், மரியாதையைக் காப்பாற்றும் வழியும் இதுதான் என்று நினைக்கிறேன்.

1954-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர் ஆர்தர் எலெர்ஸ் இதையே நினைத்தார். தினமும் கீதம் ஒலித்தால் ரசிகர்கள் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கிறார்கள், அதன் மதிப்பு குறைகிறது, ஆகவே விசேஷ நாட்களில் மட்டும் வைத்துக்கொள்வோம் என்றார். அவர் நாட்டுப்பற்று இல்லாதவர் இல்லை, முதல் உலகப்போரில் இருந்தவர். ஆனால் பால்டிமோர் அந்தப் பாட்டு பிறந்த ஊர். நகர மன்றம் தீர்மானமே போட்டது. அவர் பின்வாங்கினார். 1972-இல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ் ஞாயிற்றுக்கிழமைக்கும் விசேஷங்களுக்கும் மட்டும் என்று முயன்று பார்த்தது. அங்கும் எதிர்ப்பு கிளம்பி முடிவு மாறியது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. ஒரு சடங்கைச் சேர்ப்பது சுலபம், குறைப்பதுதான் கஷ்டம். சேர்க்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. குறைக்கும்போது "உனக்கு நாடு பிடிக்கவில்லையா" என்று கேட்பார்கள். புதிதாக விதி எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். இன்று உற்சாகத்தில் சேர்க்கும் ஒரு வரியை அடுத்த ஆண்டுக் குழு எடுக்க நினைத்தாலும் எடுக்க முடியாது.

உலகத்தின் மற்ற பகுதிகளில் இந்த வழிதான் இயல்பாக இருக்கிறது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வாராவாரம் ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் கிடையாது. எஃப்ஏ கோப்பை இறுதிப் போட்டியில் உண்டு. சேப்பாக்கத்தில் இந்தியா இன்னொரு நாட்டோடு மோதும்போது இரண்டு நாட்டுக் கீதமும் ஒலிக்கும். அப்போது மைதானமே ஒரே குரலாகப் பாடும், அதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். நாடு ஆடுகிறது, நாட்டின் பாட்டு ஒலிக்கிறது. பொருத்தம் தானாக இருக்கிறது. ஒரு ஊர் அணி இன்னொரு ஊர் அணியோடு ஒரு பருவத்தில் எண்பத்தொரு முறை சொந்த மைதானத்தில் ஆடும்போது எண்பத்தொரு முறையும் அந்த உணர்ச்சி வருமா?

பணமும் இதற்குள் இருக்கிறது. 2015-இல் செனட்டர்கள் ஜான் மெக்கெய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். மைதானத்தில் பெரிய கொடி விரிப்பது, படைவீரரைக் கைதட்டி வரவேற்பது போன்ற நிகழ்ச்சிகள் சிலவற்றுக்குப் பாதுகாப்புத் துறை அணிகளுக்குப் பணம் கொடுத்திருந்தது என்று அதில் காட்டினார்கள். அப்படி வந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 68 லட்சம் டாலர். போர்க் கைதியாக ஐந்தாண்டுக்கு மேல் வியட்நாமில் இருந்த மெக்கெய்ன் இதை எழுதினார். கைதட்டிய ரசிகர்களின் உணர்ச்சி உண்மையானது; அந்த நிகழ்ச்சி விளம்பரக் கட்டணத்தில் நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இடத்தை மாற்றுவதும் பாட்டை மாற்றுவதும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2016 செப்டம்பரில் எதிரணி வீராங்கனை மேகன் ரபினோ மண்டியிடுவார் என்று தெரிந்ததும், வாஷிங்டன் ஸ்பிரிட் கால்பந்து அணி வீராங்கனைகள் களத்துக்கு வருமுன்பே கீதத்தை ஒலிக்கவைத்து முடித்துவிட்டது. சண்டை தவிர்ந்ததா? அதுவே பெரிய செய்தியானது. ஒருவரைத் தவிர்ப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு அவரைத் தண்டிப்பதாகவே தெரியும். பொதுவாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஆட்டம் தொடங்குவதற்கு அரை மணி முன்பு என்று முதலிலேயே வைத்திருந்தால் அது நல்ல ஏற்பாடாக இருந்திருக்கும்.

பாட்டை மாற்றியவர்கள் இண்டியானாவின் கோஷென் கல்லூரிக்காரர்கள். மென்னோனைட் கிறித்தவர்கள் நடத்தும் கல்லூரி. போரை எதிர்ப்பது அவர்கள் சமய நெறி. ராக்கெட்டும் குண்டும் வரும் கீதத்தை நெடுங்காலம் அவர்கள் ஆட்டங்களில் வைக்கவே இல்லை. 2010-இல் வெறும் இசையாக வாசிக்க ஆரம்பித்தார்கள், முன்னாள் மாணவர்கள் பலர் வருந்தினார்கள். அடுத்த ஆண்டு அதை நிறுத்திவிட்டு 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' என்ற வேறு பாட்டை எடுத்தார்கள். வெளியிலிருந்து ஏச்சு வந்தாலும் அவர்கள் தங்கள் நம்பிக்கைக்கு நேர்மையாக நடந்தார்கள். அப்படி ஒரு பொது நம்பிக்கை இருக்கும் அமைப்புக்குத்தான் இந்த வழி. நாம் அப்படி இல்லை.

பாட்டே வேண்டாம் என்பது

டல்லாஸ் மேவரிக்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளராக இருந்த மார்க் க்யூபன் 2020–21 பருவத்தில் அறிவிப்பு எதுவும் இல்லாமல் கீதத்தை நிறுத்தினார். கோவிட் காலம், ஆரம்பத்தில் கேலரியில் ஆளே இல்லை. வாரக்கணக்கில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2021 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்ததும் என்பிஏ எல்லா அணிகளும் கீதத்தை ஒலிக்க வேண்டும் என்று உடனே சொல்லிவிட்டது. அதோடு நிற்கவில்லை. அதே ஆண்டு டெக்சஸ் மாநிலம் அரசுப் பணம் பெறும் தொழில்முறை அணிகள் ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் கீதத்தை ஒலிக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தது.

ஆக, முழுதாக நிறுத்தினால் எதிர்த்திசையில் கட்டாயம் இன்னும் இறுகுகிறது. ஆனால் அந்த டெக்சஸ் சட்டத்தைக் கவனியுங்கள். அது அணியிடம் பாட்டைப் போடச் சொல்கிறது. பார்வையாளரை நிற்கச் சொல்லவில்லை. இவ்வளவு சூடான நேரத்தில் எழுதிய சட்டம்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. நாம் ஏன் தாண்ட வேண்டும்?

நம் ஊரில் நடந்தது

இந்தியாவை இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகள் பள்ளியில் ஜன கண மன ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். நீக்கினார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பில் அமெரிக்காவின் பார்னெட் வழக்கும் பேசப்படுகிறது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்றுத் தருகிறது, நம் அரசியல் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று அவர் முடித்தார்.

பிறகு 2016 நவம்பர் 30. திரையரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் கட்டாயம், எல்லோரும் நிற்க வேண்டும், அந்நேரம் கதவுகள் மூடியிருக்க வேண்டும் என்று அதே உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கதவை மூடுவது என்றதும் டெல்லி உபஹார் திரையரங்கம் பலருக்கு நினைவு வந்தது. 1997-இல் அங்கே தீப்பிடித்தபோது வெளியேற வழியில்லாமல் 59 பேர் இறந்தார்கள். சில நாட்களில் நீதிமன்றமே தாழ்ப்பாள் போட வேண்டியதில்லை என்று விளக்கம் கொடுத்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கும் கொடுத்தது. அதற்குப் பிறகும் சென்னை அசோக் நகரில் ஒரு திரையரங்கில் நிற்காத இளைஞர்களையும் பெண்களையும் சிலர் தாக்கினார்கள். உத்தரவுக்குச் சில வாரங்கள் முன்பு கோவாவில் சக்கர நாற்காலியில் வாழும் ஒருவர் எழுந்திருக்கவில்லை என்று அடி வாங்கியிருந்தார். 2018 ஜனவரி 9 அன்று கட்டாயம் விலகியது. கீதத்தைப் போடுவது திரையரங்கின் விருப்பம் என்றானது.

சங்கிலி கட்டிய யாங்கி ஸ்டேடியமும் கதவு மூடிய திரையரங்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இரண்டும் கடைசியில் பின்வாங்கின. இரண்டிலும் அடிபட்டவர்கள் நாட்டுக்கு எதிராக எதையும் செய்தவர்கள் இல்லை.

எதை எடுப்பது

எங்கள் விழாவில் உட்காரப்போகிறவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, உறுதிமொழி எடுத்தபோது அழுதவர்கள் இருப்பார்கள். இருபது ஆண்டாகக் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் இருப்பார்கள். ஈழத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருப்பார்கள். கொடியும் கீதமும் அவர்களுக்கு என்ன நினைவைத் தரும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்ல முடியாது. இங்கே பிறந்து, பள்ளியில் தினமும் உறுதிமொழி சொல்லி வளர்ந்த பிள்ளைகள் இருப்பார்கள். இத்தனை பேருக்கும் ஒரே உணர்ச்சி இருக்க வேண்டும் என்று விதி எழுத முடியாது. மூன்று பாட்டும் ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அதிகம், அவர்களுடைய ஆசையும் நியாயம். அதனால் பாட்டை நிறுத்தும் வழியை நான் எடுக்க மாட்டேன். நகரக் கூடாது என்ற வரியையும் எடுக்க மாட்டேன்.

விருப்பம்போல் நிற்பது என்ற இரண்டாவது வழியையும், எப்போதாவது மட்டும் என்ற மூன்றாவதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. பாடல்கள் தொடக்க விழாவில் ஒரு முறை மட்டும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேண்டாம், இறுதிப் போட்டிக்கு மீண்டும் வேண்டுமென்றால் அமெரிக்கக் கீதம் ஒன்று போதும். ஒலிநாடா போடாமல் நம் பிள்ளைகளில் யாராவது பாடட்டும். நன்றாகப் பாடும் குரலுக்குக் கூட்டம் தானாக எழும்.

அறிவிப்பு இப்படி இருக்கலாம்: "இப்போது தமிழ்த்தாய் வாழ்த்தும் தேசிய கீதமும் பாடப்படும். இயன்றவர்கள், விரும்புபவர்கள் எழுந்து நிற்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறோம்." 'அனைவரும் கட்டாயம்' என்பது வேண்டாம். தன்னார்வலர்களுக்குத் தனியாக ஒரு தாள் கொடுக்க வேண்டும். அதில் மூன்றே வரி. பாடல் நேரத்தில் எந்த வழியையும் மறிக்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவரிடமோ வெளியே போகிறவரிடமோ காரணம் கேட்கக் கூடாது. உட்கார்ந்திருப்பவரை யாராவது திட்டினால், திட்டுகிறவரிடம் போய்ப் பேச வேண்டும். அவர் சங்கத்தின் முன்னாள் தலைவராக இருந்தாலும் சரி.

விதிமுறைக் கூட்டம் அடுத்த வாரம். 'நகரக் கூடாது' வரிக்குக் கை தூக்குகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்கப்போகிறேன்: வாசலில் நிற்கப்போகும் அந்தப் பையன் உங்கள் மகனாக இருந்தால், யாரைத் தடுக்கச் சொல்வீர்கள்?